வழி கேட்டவளிடம் வீடு கேட்டோம்

சென்ற மாசியில் டிக்கோயாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் காமன் கூத்துப் பார்க்கச் சென்றிருந்தேன். இரவு பத்து மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. ஈரம் பட்டால் தப்பின் தோல் தொய்ந்து, ஓசை மங்கிவிடும். ஆகவே கூத்தின் இடைவேளையில் தப்புக்காரர்கள் லயத்தின் ஓரமாகச் சருகு மூட்டி, தப்புகளை அனலில் காட்டிக்கொண்டிருந்தனர். கல்வியியற் கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி, அவர்களுள் மூத்தவரின் அருகில் வந்து குந்தினாள்.

"தாத்தா, இந்தத் தோல எங்க வாங்குவீங்க? வளையத்துல எப்படி இழுத்து ஒட்டுறது? நானும் பழகலாமா?"

பெரியவர் வாய் திறக்கும் முன்பே, பின்னால் நின்ற ஒருவர் "நீ யாரு வீட்டுப் புள்ள? எந்த லயம்?" என்றார். மலையகத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் சொன்னாள். "படிச்ச புள்ளைக்கு இந்தத் தோல் வேல எதுக்கும்மா?" என்று அடுத்த கேள்வி வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் எழுந்து போய்விட்டாள்.

நான் வாய் மூடி நின்றேன். முப்பது ஆண்டுகளாக எழுத்தை நம்பிப் பிழைப்பவன், அந்த இடத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மௌனத்தின் கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா பொகவந்தலாவைப் பக்கத்தில் பெரட்டுத் தப்பு அடித்தவர். விடியும் முன் அவர் தப்படித்தால்தான் லயங்களில் விளக்கெரியும். தொழிலாளர் பெரட்டுக்களத்துக்கு ஓடுவர். சாவு, திருவிழா, கூத்து அனைத்துக்கும் அவரே. தாம் அடித்த தப்பைத் தாமே தோல் கட்டிச் செய்தார். பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, "தாத்தா என்ன செய்தார்?" என்று கேட்ட நண்பர்களிடம், "தோட்டத்தில் வேலை" என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மையை வெட்டிப் பாதியைத்தான் கொடுத்தேன். அவர் இறந்தபோது எப்படித் தோல் பதப்படுத்தினார் என்ற அறிவும் அவரோடு போயிற்று. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்பதற்கு எனக்கு வெட்கம்.

இந்த வெட்கத்துக்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கிய பின் தேயிலைக்காகவும், கங்காணிகள் அழைத்து வந்த மக்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் எனப்பட்டவர்கள். கடல் கடந்த பின்னும் சாதி கழன்று விழவில்லை. தப்பு அடிப்பதும், செத்த மாட்டை அகற்றுவதும், தோலைத் தொடுவதும் இன்னின்னார் கடமை என்று அங்கிருந்த விதி இங்கும் வந்து குடியேறியது. அடிக்க மறுத்தவன் ஏச்சு வாங்கினான். அடித்தவன் எட்டி நிற்க வைக்கப்பட்டான். ஆகவே "எங்கள் பிள்ளைகளுக்கு இது வேண்டாம்" என்று தப்பைக் கீழே போட்ட தந்தையரை நான் குறை கூறமாட்டேன். அது மானத்தின் தீர்மானம். அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் அந்தத் தந்தையர் மறுத்தது கட்டாயத்தை. தாமாக விரும்பி வந்து கேட்கும் பிள்ளையையும் இன்று நாம் அதே காரணம் சொல்லித் துரத்துகிறோம். அன்று, "உன் சாதிக்கு இதுதான் வேலை" என்றார்கள். இன்று, "இந்த வேலையைக் கேட்கிறாயே, நீ என்ன சாதி?" என்கிறோம். இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வருகின்றன.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டபோது, காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக், டிராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கப் பழகிவந்தார். அவரிடம் காந்தி பழகினார். காந்தியிடம் பண்ணையிலிருந்தோர் பழகினர்; அவர்களில் தமிழரும் இருந்தனர். மடத்துத் துறவி கட்டடக் கலைஞரான காலன்பாக்கிடம் "உனக்கெதற்கு இது?" என்று கேட்டுச் சிரித்திருந்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். காந்தி தம் கையால் தைத்த செருப்பை ஜெனரல் ஸ்மட்ஸுக்கு அளித்த கதையை நம் பாடசாலை மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். 1927இல் அவர் மலையகம் வந்ததையும் நினைவுகூர்கிறோம். ஆனால் ஹட்டன் கடைவீதியில் சாக்கு விரித்து அமர்ந்து சப்பாத்துத் தைக்கும் பெரியவரிடம், "ஐயா, உங்கள் தொழிலை எனக்குச் சொல்லித் தாருங்கள்" என்று ஒரு பிள்ளை கேட்டால் முகம் சுளிக்கிறோம். வழக்கறிஞர் தைத்தால் தொண்டு. அவர் தைத்தால் இழிதொழில். இது என்ன நியாயம்?

"தப்புக்கு இப்போது மரியாதை வந்துவிட்டதே" என்று சிலர் சொல்லக்கூடும். வந்திருக்கிறதுதான். பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தபோது நான் சென்ற மேடைகளில் எல்லாம் தப்பு ஒலித்தது. மகிழ்ச்சியே. எனினும் அந்த மரியாதை அடிப்பவரின் கையோடு நின்றுவிடுகிறது. தோலைச் சுரண்டிய கைக்கு அது போய்ச் சேரவில்லை. மேடையில் ஏற விரும்புவோர்க்குப் பயிற்சி முகாம் நடத்துகிறோம். தோலைத் தொட விரும்புவோர்க்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கை காட்டவும் ஆளில்லை.

அந்தப் பெண்ணுக்கு அன்றிரவு சொல்லியிருக்க வேண்டியவற்றை இப்போது சொல்கிறேன். தாத்தாவிடம் கேட்கத் தவறியதைப் பின்னாளில் பிறரிடம் கேட்டும் படித்தும் அறிந்தது இது.

தோல் வேலை என்பது ஒரே வேலையன்று. அதற்குள் மூன்று வேலைகள் உள்ளன. முதலாவது தப்புக் கட்டுதல். இதற்குப் பதனிட்ட தோல் உதவாது. பச்சைத் தோல் வேண்டும். கெடாமலிருக்க உப்பிட்டு, சுண்ணாம்பு நீரில் சில நாள் ஊறவைத்து, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் சுரண்டி, ஈரமாக இருக்கும்போதே மரவளையத்தின் மீது இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயிலில் போட்டால் தோல் சுருண்டு வெடிக்கும். இரண்டாவது தைத்தல். இதற்குப் பதனிட்ட தோலைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கத்தி, குத்தூசி, மெழுகிட்ட நூல், இரண்டு ஊசிகள் போதும். ஒரே துளைக்குள் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தித் தைத்தால், ஓர் இழை அறுந்தாலும் மற்றது தாங்கும். முதல் நாளே சப்பாத்தில் கை வைக்காமல், ஒரு வாரில் நேர்கோடாகத் தைத்துப் பழகுவது நல்லது.

மூன்றாவது பதனிடுதல். மரப்பட்டையின் துவர்ப்புத்தான் தோலை அழுகாமல் காக்கிறது. தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அதற்குப் பயன்பட்டன. நுவரெலியாப் பக்கம் நிற்கும் வாட்டில் மரத்தின் பட்டையிலும் அது உண்டு. நாம் கிள்ளும் கொழுந்தில் நாவைப் பிடிக்கும் துவர்ப்பும் அதே இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் இந்த வேலைக்குப் புதியவர் அவசரப்படலாகாது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றை எவ்வாறு கெடுத்தது என்பதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே சாட்சி. டிக்கோயாவின் ஓடைகள் களனி கங்கையின் தலைநீர். கழிவு நீருக்கு வழி செய்யாமல் இங்கே யாரும் தொட்டி கட்டக் கூடாது.

இவ்வளவுதான். சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. இந்த ஐந்து நிமிடத்தைத் தராமல்தான் ஒரு தலைமுறையை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

தொழில் அறிந்த பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். "எங்கள் வித்தையை வெளியாருக்கு ஏன் தர வேண்டும்? எங்களுக்கு அவமானம், அவர்களுக்குக் கைதட்டலா?" என்று அவர்களில் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. ஆகவே இலவசமாகத் தர வேண்டாம். கணினி கற்பிப்பவருக்குக் கட்டணம் கொடுக்கும் நாம், தோல் கட்டக் கற்பிப்பவருக்கு ஒரு வெற்றிலைத் தட்டோடு கணக்குத் தீர்க்கக் கூடாது. அவரை ஆசிரியர் என்று அழைக்க வேண்டும். கூலியைக் கையில் கொடுக்க வேண்டும். செய்த தப்பில் அவர் பெயர் இருக்க வேண்டும். பழக வருவோர் எல்லாச் சாதியிலிருந்தும் வர வேண்டும். ஒரே லயத்துப் பிள்ளைகள் மட்டும் வந்தால் பழைய விதிக்கே புதுச் சட்டை போட்டதாகிவிடும். கலை இலக்கியச் சங்கங்கள், பாடசாலைகள், கோயில் நிர்வாகங்கள் ஆகியவை இதை ஏற்றுச் செய்ய முன்வரட்டும். வராவிட்டால், அடுத்த விழா மேடையில் "நம் பாரம்பரியம்" என்று முழங்குவதையாவது நிறுத்திக்கொள்ளட்டும்.

இரண்டு வாரம் கழித்து அதே தோட்டத்துக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். அன்று கேட்ட பிள்ளைக்குச் சொல்லித் தருவீர்களா என்றேன். சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள கேட்டப்பவே சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன், தம்பி. நீங்கள்லாம் சிரிச்சீங்க."

நான் சிரிக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவள் எந்தத் தோட்டம் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இம்முறை வழி சொல்வதற்காக.