மருந்தன்று, நஞ்சே!

கழனியில் தெளிப்பதற்கு ‘மருந்து’ என்று பெயரிட்டவன் எவனோ, அவன் தமிழுக்கும் இரண்டகம் செய்தான். உழவனுக்கும் இரண்டகம் செய்தான். மருந்தென்பது நோய் தீர்ப்பது. குப்பியில் அடைத்து விற்கப்படுவதோ கொல்வது. அதுவும், கொல்லவேண்டியதை விட்டுவிட்டுக் கொல்லக் கூடாததைக் கொல்வது! மிகைபடக் கூறுகின்றோம் என்பார், சாவகத் தீவில் நடந்ததைக் கேட்கட்டும்.

1966-இல் பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல்லாய்வு நிறுவனம் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. தமிழகத்திற்கு வந்தது போன்றே இந்தோனேசியாவுக்கும் புதுநெல் வந்தது. அதன் பின்னாலேயே செயற்கை உரமும் நஞ்சும் வந்தன. நஞ்சின் விலையிற் பெரும்பகுதியை அந்நாட்டு அரசே தாங்கியது. விளைவு? 1970-களில் புகையான் பெருகி நெல்லை அழித்தது. 1986-இல் சாவகத்தில் மீண்டும் பெருகிற்று. (கருகிய பயிரைக் கண்ட நம் உழவர் இட்ட இப்பெயர் இருக்க, இதற்கு வேற்றுமொழிப் பெயர் எதற்கு?)

புகையான் தன் முட்டைகளை நெல்லின் இலையுறைக்குள் செருகி வைக்கிறது. தெளித்த நஞ்சு அங்கே எட்டுவதில்லை. வெளியில் அலையும் ஓநாய்ச் சிலந்தியும், அம்முட்டைகளைத் தேடி உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும், முட்டைக்குள் முட்டையிடும் சிறு குளவியுமே மாண்டன! பொரித்து வந்த குஞ்சுகளுக்குப் பகையே இல்லாத வயல் விருந்தாய்க் கிடைத்தது. மேலும் தெளித்தனர், மேலும் பெருகிற்று. காவலரைக் கொன்றுவிட்டுக் கள்வரைத் தேடிய அறிவு அது!

1986-இன் இறுதியில் சுகார்த்தோ அரசு 57 பூச்சிநஞ்சுகளை நெல்வயலில் தெளிக்கக்கூடாதென்று தடைசெய்தது. 1989-இல் நஞ்சுக்கான உதவித்தொகையையும் நிறுத்தியது. அடக்குமுறையாளரான அவரைப் போற்ற நமக்கு ஏதுமில்லை. ஆயினும் நஞ்சு குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை. ‘நஞ்சின்றேல் பஞ்சம்’ என்று இங்கே அச்சுறுத்துவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

சாவக வயல்களை ஆராய்ந்தோர் 1996-இல் இன்னொன்றும் வெளியிட்டனர். நடவுக்குப் பின், புகையான் வருமுன், சிலந்திகள் எதை உண்டு வாழ்கின்றன? சேற்றில் மட்கும் தாளையும் தழையையும், நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் தின்று வளரும் சிறு பூச்சிகளை! ஆகவே மட்கும் எரு நிறைந்த வயலில் பகை வருமுன்னரே காவற்படை திரண்டு நிற்கும். முதல் திங்களில் தெளிக்கும் நஞ்சோ, அப்படையின் சோற்றில் மண்ணைப் போடுவதாகும்.

அறுந்த உறவை மீட்கவும் இயலும். சீனம், தாய்லாந்து, வியத்துநாம் ஆகிய நாடுகளில் வரப்பில் தேன்தரும் பூச்செடிகளை வளர்த்துப் பார்த்தனர். 2016-இல் வெளிவந்த முடிவின்படி நஞ்சு 70 விழுக்காடு குறைந்தது. விளைச்சல் 5 விழுக்காடு கூடிற்று. சீன வரப்பில் நின்றது எது தெரியுமா? எள்! குளவிக்கு அதன் பூந்தேன் உணவு. ஒருவர் வரப்பு மட்டும் பூத்து, சுற்றிலும் நஞ்சு தெளித்தால் பயனில்லை என்பதையும் மறைக்க வேண்டா; குளவி பட்டா பார்த்துப் பறப்பதில்லை.

வரப்பில் உளுந்தும் துவரையும் விதைத்த பாட்டனின் பேரன் இன்று வரப்பிலும் களைக்கொல்லி தெளிக்கிறான். அவனைச் சினந்து என்ன? நோயைக் கூறுபவனும் கடைக்காரனே, குப்பியை விற்பவனும் கடைக்காரனே!

தோழர்களே, அடுத்த நடவுக்கு உங்கள் ஊரில் அண்டை வயல்காரர் ஐந்தாறு பேரையேனும் ஒன்றுகூட்டி, வரப்பில் எள்ளைத் தூவச் செய்யுங்கள். இழந்த இலையை இளம்பயிர் தானே தழைத்து ஈடுசெய்யும். ஆதலின் முதல் 40 நாள் குப்பியைத் திறவாதிருக்கச் சொல்லுங்கள். தாளடியில் ஓடும் சிலந்திகளை அவர்களுக்கு எண்ணிக் காட்டுங்கள். கடைப் பலகையில் ‘பூச்சிமருந்து’ என்றிருந்தால், ‘பூச்சிநஞ்சு’ என்று மாற்றி எழுதுமாறு கேளுங்கள்.