நத்தாருக்கு வரும் வன்னி உறவுகள்

டிசம்பர் பிறந்தாலே மடுல்கெல்லப் பக்கத் தோட்டங்களில் ஒரு கேள்வி லயத்துக்கு லயம் நடக்கத் தொடங்கிவிடும். "இந்த வருசம் ஒங்க வீட்டுக்கு யாரு வாறாங்க?" கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு என்று வன்னியில் இருக்கும் சொந்தங்களும் வருவார்கள். இம்மாதம் அந்த உறவுகளைப் பற்றியும், அவர்களுக்காக அடுப்படியில் நிற்கும் பெண்ணைப் பற்றியும் பேசுவோம் வாசகியரே.

வன்னியில் நமக்கு எப்படிச் சொந்தம் வந்தது என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 1958, 1977, 1981, 1983 வன்செயல்களில் அடிபட்டு, வீடு எரிந்து, பல தோட்டக் குடும்பங்கள் வடக்கே போயின. 1977க்குப் பிறகு காந்தீயம் போன்ற அமைப்புகள் வவுனியாப் பக்கத்தில் அவர்களைக் குடியமர்த்தின. பாதுகாப்பு என்று போன அந்த இடத்தைத்தான் பிறகு போர் விழுங்கியது. கண்டியில் தொடங்குகின்ற ஏ9 வீதிதான் அங்கே போகிறது. 2002இல் திறந்த அந்த வீதி 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது. கூடப்பிறந்தவளின் முகத்தைப் பார்க்காமலே எத்தனை நத்தார் போனது! இன்று காலையில் பஸ் ஏறினால் அன்றைக்கே வந்து சேரலாம். வரத்தான் வேண்டும்.

ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் எத்தனை பேர் படுப்பது? ஆண்கள் இஸ்தோப்பில், பெண்களும் பிள்ளைகளும் உள்ளே என்பது வழக்கம். அதுவும் போதாவிட்டால் பக்கத்துக் காம்பிராவில் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. வன்னி வெக்கையில் வளர்ந்த பிள்ளை நக்கிள்ஸ் மலைக் குளிரில் முதல் இரவே இருமத் தொடங்கும். ஆகவே கம்பளி, தொப்பி, காலுறை எல்லாம் கொண்டு வரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அட்டைக்கடிக்கும் பிள்ளைகள் பயப்படுவார்கள். (பெரியவர்களும்தான்!) இன்னுமொன்று: 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டு போயின. டிசம்பரும் மழைக்காலம். உங்கள் லயத்துக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தால், "இந்த முறை வேண்டாம், தையில் வாங்க" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இனிச் செலவு. 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று எவ்வளவோ போராடி உயர்த்திய நாட்சம்பளம் இது. விருந்தாளி வந்தார்கள் என்று மூன்று நாள் வேலைக்குப் போகாவிட்டால் மூன்று பேர் போய்விடும். மேலே கேக், கோழி, பிள்ளைகளுக்குப் புது உடுப்பு. இதற்காகக் கிழமைக் கடன் எடுத்து, விருந்து முடிந்த பின் ஆறு மாதம் கட்டுகிற பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வன்னியிலிருந்து வருகிறவளுக்கும் அந்தக் கடன் தெரியும். அவளுடைய ஊரிலும் கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்கிறார். அதனால் வெளிப்படையாகப் பேசுவதே நல்லது. எத்தனை பேர், எத்தனை நாள் என்று ஒரு கிழமைக்கு முன்பே போனில் கேளுங்கள். வருகிறவள் அரிசி, உழுந்து, கருவாடு, முருங்கைக்காய் என்று தன்னால் முடிந்ததைக் கொண்டு வரட்டும். போகும்போது தேயிலைத்தூள் கட்டிக் கொடுங்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கவும் விறகு உடைக்கவும் வந்த ஆண்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் கேட்கத்தான் வந்தார்களா என்ன?

இவற்றையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். கடினமானது வேறொன்று. வருகிறவள் கணவனையோ மகனையோ 2009இல் தொலைத்தவளாக இருக்கலாம். உறவினர் காணாமலாக்கப்பட்ட பெண்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. "செத்துவிட்டார்" என்று ஒப்புக்கொள்ள அவர்களில் பலர் தயாரில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி நம் வீட்டுக்கு வரும்போது, நல்ல மனதோடுதான் நாம் சில காரியங்களைச் செய்கிறோம். அவளுக்கென்று வெளிர்நிறச் சேலை எடுக்கிறோம். மற்றப் பெண்களுக்குப் பூக் கொடுத்துவிட்டு அவளைத் தாண்டிப் போகிறோம். கோயிலில் இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அவனுடைய பெயரையும் எழுதிக் கொடுக்கிறோம். அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் கேட்காமல் அவளை விதவையாக்க நமக்கு யார் உரிமை தந்தது? பூவை எல்லோருக்கும் போல அவளிடமும் நீட்டுங்கள். வைப்பதும் விடுவதும் அவள் விருப்பம். பெயர் கொடுப்பதென்றால், எந்த மன்றாட்டில் என்று அவளிடமே தனியாகக் கேளுங்கள். "ஏதும் தகவல் கெடச்சிச்சா?" என்று நாலு பேர் முன்னால் மட்டும் கேட்க வேண்டாம். சொல்ல விரும்பினால் இரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அவளே சொல்வாள். அப்போது அடுப்பைக் கொஞ்ச நேரம் அணைக்காமல் வைத்திருங்கள்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிறவர்களுக்கு நத்தாருக்கு மறுநாளும் பாரமானது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கடல் வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை 9.25க்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறார்கள். நம் லயங்களில் அந்த நேரத்தில் முதல்நாள் கொண்டாட்டத்தின் பாட்டுப்பெட்டி இன்னும் பாடிக்கொண்டிருக்கும். அதைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். அன்று அவள் காலைச் சாப்பாடு வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். ரொட்டியையும் சம்பலையும் மூடி வைத்தால், பசிக்கும்போது அவளே எடுத்துக்கொள்வாள்.