நாயும் பூனையும் ஒரே வீட்டில்!

புருஷனும் மனைவியும் ஓயாமல் சண்டை போட்டால், "நாயும் பூனையும் போல" என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் நாயின் வயிற்றில் தலை வைத்துப் பூனை தூங்குகிறது. இன்னொரு வீட்டிலோ, பூனை வந்த மூன்றாம் நாளே செத்துக் கிடக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்?

"எல்லாம் ஜாதியைப் பொறுத்தது" என்பார் சிலர். "வளர்ப்பைப் பொறுத்தது" என்பார் வேறு சிலர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஒன்றை மட்டும் நம்பிக் காரியத்தில் இறங்கினால், உயிரைக் கொடுப்பது பூனைதான்.

முதலில் ஜாதியைப் பார்ப்போம்.

நமது தென் மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி என்று இரண்டு வகை நாய்கள் உண்டு. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூர்மையான முகம். முயல் வேட்டைக்கு என்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் ஜாதி இது. சிறிய பிராணி ஒன்று எதிரே ஓடினால் போதும், கால்கள் தாமாகக் கிளம்பிவிடும். முயல் வேட்டை இப்போது குற்றம். 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் வந்தது நாயின் காலுக்குத் தெரியுமா?

ராஜபாளையம் நாயும், தேனி மாவட்டத்துக் கோம்பை நாயும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனவை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். வீட்டாரிடம் உயிரை விடும். முன்பின் தெரியாத பிராணி படி ஏறினால், அதனிடம் அந்தத் தயவு கிடையாது.

வெளிநாட்டு ஜாதியிலும் இப்படியே. டெரியர் என்ற சிறிய நாய், எலியையும் நரியையும் பிடிப்பதற்காக உண்டாக்கப்பட்டது. உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. லாப்ரடார் நாயின் வேலை வேறு. சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து எஜமானிடம் கொடுப்பதே அதன் தொழில். ஆகவே பூனையோடு பழகுவது அதற்குப் பெரும்பாலும் சுலபம்.

கோபம் அல்ல!

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தவறாக நினைக்கிறார்கள். நாய் பூனையைத் துரத்துவது பகையால் அல்ல. வேட்டையில் கோபம் கிடையாது. குரைக்கிற நாய் பயந்திருக்கலாம், விளையாடவும் கூப்பிடலாம். சத்தமே போடாமல், உடம்பை விறைத்துக் கொண்டு, கண் இமைக்காமல் பூனையையே பார்க்கிறதே, அந்த நாயிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

சரி, வளர்ப்பு என்ன செய்யும்?

குவோ என்ற சீன அறிஞர் பூனைக்குட்டிகளை வைத்துச் சோதனை செய்து 1930-ல் வெளியிட்டார். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளில் 18, எலியைக் கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே கொன்றன. கூடவே வளர்ந்த பிராணி இரையாகத் தோன்றவில்லை!

இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-ல் எழுதினார்கள். பூனை 6 மாதம் ஆவதற்குள், நாய் ஒரு வயது ஆவதற்குள் சேர்ந்தால் சிநேகம் பலப்படுகிறதாம். நாய்க்கு முன்பே பூனை வந்திருந்தால் இன்னும் நல்லதாம். நாய் வாலை ஆட்டினால் சந்தோஷம். பூனை வாலை வீசி அடித்தால் கோபம். பாஷையே தலைகீழ்! ஆனாலும் சிறு வயதில் சேர்ந்தவை ஒன்றின் பாஷையை மற்றொன்று கற்றுக் கொள்கின்றன. பூனைகள் வழக்கப்படி மூக்கோடு மூக்கு வைத்து நாயும் விசாரிக்கிறது!

ஆகையால் சிப்பிப்பாறைக் குட்டியும் பூனைக்குட்டியும் ஒன்றாக வளர்ந்தால் ஒன்றாகத் தூங்கவும் செய்யும். ஆனால் அந்த நாய்க்கு வீட்டுப் பூனை வேறு, தெருப் பூனை வேறு. வீட்டுக்குள் நக்கிக் கொடுத்த அதே பூனை வெட்டவெளியில் பாய்ந்து ஓடினால், அப்போதும் ஆபத்து உண்டு.

குட்டிகளைத் தாயிடம் இருந்து 8 வாரத்துக்கு முன் பிரிக்க வேண்டாம். வந்த சில நாட்கள் தனித்தனி அறையில் வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றொன்று முகரட்டும். முதல் சந்திப்பில் நாயின் கழுத்தில் கயிறு இருக்க வேண்டும். பூனை ஏறித் தப்பப் பரணோ, அலமாரியோ வேண்டும். சோற்றுத் தட்டும் தனி. பூனையைக் கையில் பிடித்து நாயின் முகத்தில் நீட்டி வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. பூனையின் நகம் நாயின் கண்ணைக் கெடுத்துவிடும். அதோடு சிநேகமும் போச்சு.

வெறிநோய்த் தடுப்பூசி இரண்டுக்கும் வேண்டும். பூனைக்கு அந்த நோய் வராது என்று நினைப்பது தவறு. கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இவ்வளவு சிரமம் யார் படுவது? குழந்தை அழுதது என்று பூனைக்குட்டியைத் தூக்கி வருகிறோம். சண்டை வந்ததும் அதைக் கோணிப்பையில் கட்டி, சந்தையில் விட்டு வருகிறோம். சில வீடுகளில் நாயையே விரட்டுகிறார்கள். 6 வருஷம் காவல் காத்த நாய், என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் தெருவில் நிற்கிறது. முயல் பிடிக்கப் பிறந்த நாயின் முன்னால் பூனையை ஓடவிட்டது யார்? நாயா?

ஏற்கனவே சிறு பிராணிகளைப் பிடித்துப் பழகிய பெரிய வேட்டை நாய் வீட்டில் இருந்தால், பூனை வேண்டாம். குழந்தை இரண்டு நாள் அழும், அழட்டும். நாய் இல்லாத வீட்டில் அந்தக் குட்டியைக் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் குழந்தை அங்கே போய்ப் பார்த்து வரட்டும்.