ஒரு துளை போதும்!



உங்கள் வீட்டிலிருந்து இன்று என்னென்ன பொருட்கள் குப்பைக்குப் போயின என்று கவனித்தீர்களா? காலையில் பால் கவர். சட்னிக்குத் தேங்காய் துருவியதும் கொட்டாங்குச்சி. மாலையில் குளிர்பான பாட்டில். 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. ஆனாலும், பாட்டிலும் பால் கவரும் வீட்டுக்கு வந்துகொண்டுதானே இருக்கின்றன!

இவற்றில் கொஞ்சம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். மீதி, மொட்டை மாடி மூலையிலும் தெருவோரத்திலும் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், தண்ணீர் நிரம்பிவிடும். அதற்காகவே காத்திருக்கும் விருந்தாளி யார் தெரியுமா? டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு!

இந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். ஒரு கொட்டாங்குச்சித் தண்ணீரே தாராளம். முட்டையிட்ட ஏழு முதல் பத்து நாட்களில் புதுக் கொசுக்கள் பறக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரிந்துவிடும்.

அதே கொட்டாங்குச்சியின் அடியில் ஒரு துளை போட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்காது; கொசுவுக்கு வீடு இல்லை! உள்ளே மண்ணைப் போடுங்கள். செடிக்கு வீடு தயார்! செடிக்கும் அந்தத் துளை அவசியம். வேருக்குத் தண்ணீர் மட்டுமல்ல, காற்றும் வேண்டும். தண்ணீர் வடியாவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

வாருங்கள், மூன்று தொட்டிகள் செய்யலாம். முதலில் மண் கலவை. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு. எல்லாவற்றையும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடி வளரும் பொம்மை

தேங்காயின் இரண்டு மூடிகளில், மூன்று கண்கள் உள்ள மூடியை எடுங்கள். அந்தக் கண்களில் ஒன்று மட்டும் மென்மையாக இருக்கும். தென்னங்கன்று முளைத்து வெளியே வரும் வழி அதுதான். ஓர் ஆணியால் குத்தினாலே துளை விழுந்துவிடும். வெளிப்பக்கம் கண், மூக்கு, வாய் வரையுங்கள். உருண்டு ஓடாமல் இருக்க ஒரு பழைய வளையல் மேல் உட்கார வையுங்கள். மண்ணை நிரப்பி, இரவெல்லாம் ஊறிய வெந்தயத்தைத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். நான்கைந்து நாட்களில் பொம்மைக்குப் பச்சை முடி முளைக்கும்! நன்றாக வளர்ந்ததும் ‘முடிவெட்டி’ அம்மாவிடம் கொடுங்கள். பருப்பில் போட்டுக் கடையலாம்.

தானே தண்ணீர் குடிக்கும் பாட்டில்

இரண்டு லிட்டர் பாட்டிலைக் குறுக்கே பாதியாக வெட்ட வேண்டும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். கத்தியை நீங்கள் தொடாதீர்கள். மூடியில் துளையிட்டு, பழைய பனியன் துணியைத் திரித்து அதன் வழியே நுழையுங்கள். மேல் பாதியைத் தலைகீழாகக் கீழ்ப் பாதிக்குள் வையுங்கள். மேலே மண், கீழே தண்ணீர். முதல் நாள் மட்டும் மண்ணும் திரியும் நனையும்படி மேலிருந்தும் ஊற்றுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, துணியில் தண்ணீர் ஏறி மண்ணை ஈரமாக வைத்திருக்கும்.

இதில் புதினா வைக்கலாம். சமையலுக்கு வாங்கிய புதினாவில் இலைகளைக் கிள்ளிய பின் தண்டைச் செருகினாலே வேர் பிடிக்கும். ஆனால், ஒரு எச்சரிக்கை! கீழே தண்ணீர் நிற்கிறதல்லவா? கொசு நுழையாதபடி இடைவெளியை டேப் ஒட்டி மூடுங்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே பழைய காகிதம் சுற்றினால் வெளிச்சம் படாது, பாசியும் பிடிக்காது.

பால் கவரில் ஒரு மரம்

கவரைக் கழுவி, அடியில் நான்கைந்து துளைகள் போட்டு மண் நிரப்புங்கள். ஆனி, ஆடி மாதங்களில் வேப்பமரத்தடியில் பழங்கள் உதிர்ந்து கிடக்கும். சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்திய கொட்டையை உடனே ஊன்றிவிடுங்கள். பல வாரங்கள் வைத்திருந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். கன்று ஒரு சாண் உயரம் வளர்ந்ததும், அக்டோபரில் பருவமழை தொடங்கும்போது நிலத்தில் நட்டுவிடலாம். நடும்போது கவரைக் கிழித்து எடுக்க மறக்காதீர்கள்; வேருக்கு அது விலங்கு!

பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா இவற்றை மட்டும் தொடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் விஷம் ஒட்டியிருக்கும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கினால், தூள் தூளாகி மண்ணில் கலக்கும் முன் பழைய பொருள் கடையில் போட்டுவிடுங்கள். முக்கியமான விஷயம்... தொட்டி செய்ய பாட்டில் வேண்டும் என்று சொல்லி, புதுசா குளிர்பானம் கேட்டு அம்மாவை நச்சரிக்கக் கூடாது!

குட்டீஸ்... தொட்டி செய்வது ஒரு நாள் வேலை. செடி வளர்ப்பது தினசரி வேலை. நான்கு நாள் மறந்தால் செடி வாடிவிடும். தொட்டி மறுபடியும் குப்பையாகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால், அதில் தேங்கும் நீரையும் அவ்வப்போது கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால், வாசலில் விரட்டிய கொசுவைக் கொல்லையில் அழைத்து விருந்து வைத்த கதையாகிவிடும்!

இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சேர்ந்து உங்கள் வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் தேங்கிய கொட்டாங்குச்சி, கப், டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். தேறுவதைத் தொட்டியாக்குங்கள். ஒரே கொட்டாங்குச்சிதான், அதில் கொசு வளர்வதா, கீரை வளர்வதா என்று முடிவு செய்வது நீங்கள்தான்.

என்ன குட்டீஸ், ஆணியும் வெந்தயமும் தேடக் கிளம்பிவிட்டீர்களா? வாழ்த்துகள்!