பருந்தை எண்ணுவது வீண் வேலையா?

ஒரு மனிதர் விடியற்காலையில் கடற்கரைக்கு வருகிறார். அங்கே உள்ள மேடைமேல் ஏறி நிற்கிறார். கழுத்தில் பைனாகுலர். கையில் பென்சிலும் நோட்டும். மாலை வரை வானத்தையே பார்க்கிறார். ஒரு பருந்து பறந்தால் நோட்டில் ஒரு கோடு. இன்னொன்று பறந்தால் இன்னொரு கோடு.

"இதுவும் ஒரு வேலையா? இதற்குச் சம்பளம் வேறா?" என்று நீங்கள் கேட்கலாம்.

வேலைதான். சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலை என்பதே என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

நிலத்தின் முனை

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் தென்கோடியில் கேப் மே என்ற ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் அட்லாண்டிக் சமுத்திரம். மறுபக்கம் டெலவர் விரிகுடா. நடுவே நிலம் ஆப்புப்போல் கூர்மையாக முடிகிறது.

வடக்கே குளிர் தொடங்கியதும் பருந்துகளும் வல்லூறுகளும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. தரை சூடானால் அதன்மேல் உள்ள காற்றும் சூடாகி மேலே எழும்பும். பருந்து அந்தக் காற்றில் ஏறி, சிறகை அடிக்காமலே மிதந்து போகும். கடலின்மேல் அப்படிப்பட்ட காற்று கிடைப்பது அரிது. அதனால் கடலைத் தாண்டத் தயங்கி, கரையை ஒட்டியே வந்து, கேப் மே முனையில் கூடிவிடுகின்றன. வடமேற்குக் காற்று வீசும் நாளில் கூட்டம் அதிகம்.

இங்கே 1976 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பருந்துகளை எண்ணுகிறார்கள். சற்று வடக்கே அவலான் என்ற ஊரில் 1993 முதல் கடற்பறவைகளை எண்ணுகிறார்கள். கடல் வாத்தும் நீர்க்காகமும் அங்கே லட்சக்கணக்கில் கடந்து போகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, கூட்டத்தில் எத்தனை பத்து என்று கணக்கிடுகிறார்கள்.

சுட்ட கை, எண்ணிய கை

இதே கேப் மேயில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பருந்துகளைச் சாலையோரம் நின்று சுட்டுத் தள்ளினார்கள். கோழி திருடும் பறவை என்று அவற்றின்மேல் பழி. பிறகு சட்டம் வந்தது. துப்பாக்கி ஓய்ந்தது.

ஆனால் துப்பாக்கியைவிடக் கொடிய ஆபத்து ஓசையில்லாமல் வந்தது. அதைக் காட்டிக் கொடுத்தவற்றுள் ஒன்று, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் எழுதிய ஒரு நோட்டு!

அங்கே ஹாக் மவுண்டன் என்ற மலையில் 1934-ல் பருந்துகளை எண்ணத் தொடங்கினார்கள். அந்த வழியே வெண்தலைக் கழுகும் போகும். அதன் குஞ்சுக்குத் தலை வெளுத்திராது. உடல் முழுவதும் கறுப்பாக இருக்கும். ஆகவே குஞ்சு எது, பெரியது எது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 1935 முதல் 1939 வரை பார்த்த கழுகுகளில் 100-க்கு 40 இளம் கழுகுகள். 1955 முதல் 1959 வரை 100-க்கு 20 தான். 1957-ல் 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஒரு குஞ்சு!

பெரிய கழுகுகள் பறந்துகொண்டுதான் இருந்தன. பார்ப்பவர்களுக்குக் குறை தெரியவில்லை. கணக்குப் பார்த்தபோதுதான் குஞ்சு பிறக்கவில்லை என்பது தெரிந்தது. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962-ல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்ற நூலில் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டினார். டி.டி.டி. என்ற பூச்சி மருந்து மீனுக்குள் போய், மீனைத் தின்ற கழுகுக்குள் போனது. அதனால் முட்டை ஓடு மெலிந்தது. தாய் உட்கார்ந்தாலே உடைந்தது. இதைப் பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கியது. 1972-ல் அமெரிக்கா அந்த மருந்தைப் பயிருக்கு அடிப்பதைத் தடை செய்தது. அழியும் பறவைகளின் பட்டியலிலிருந்து 1999-ல் பைரி நீங்கியது; 2007-ல் வெண்தலைக் கழுகும் நீங்கியது.

இனி எதற்கு?

"பறவைகள்தான் பிழைத்துவிட்டனவே, இனி எதற்கு எண்ணவேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இது தவறான வாதம். கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேப் மே வழியே ஏராளமாகச் சென்றது. இன்று மிகவும் குறைந்துவிட்டது. காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தேடுகிறார்கள். நோட்டு இல்லாவிட்டால் தேடவேண்டும் என்றுகூடத் தோன்றியிராது.

வீட்டில் நாம் பால் கணக்கு எழுதுகிறோம். பால் வராத நாளையும் குறிக்கிறோம் அல்லவா? ஒரு வாரம் எழுதி, ஒரு வாரம் விட்டால் மாதக் கடைசியில் கணக்கு நிற்காது. பறவைக் கணக்கும் அப்படியே. ஒன்றும் பறக்காத நாளில் பூஜ்யம் எழுதுவதும் வேலைதான்.

கேப் மேயில் எண்ணும் அதே இனப் பைரி குளிர்காலத்தில் நம் ஊர்க் கோபுரங்களுக்கும் வருகிறது. கோடியக்கரைக்கு ஆயிரக்கணக்கில் பறவைகள் வருகின்றன. தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, யாரும் சேரலாம். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். ஊர் ஏரிக்கரையில், வாரம் ஒருநாள், அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணட்டும். கொக்கும் நாரையும் போதும். அடுத்த ஆண்டும் எண்ணவேண்டும். அதற்கடுத்த ஆண்டும் விடக்கூடாது.