வேர்வையும் திருமலைப் படிகளும்

திருப்பதியில் படிக்கும் நம்மை நாடி ஊரிலிருந்து உறவினர் வராத மாதமில்லை. அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் நடந்தே ஏறவேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை. வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சித்திரை மாதத்து உச்சிவெயிலில் வேண்டாம் என்கிறேன்.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் காரணமும் கூறுவேன். மனிதத் தோலில் 20 முதல் 40 இலட்சம் வேர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. சொட்டி வீழும் வேர்வையால் பயனில்லை. அது ஆவியாக வேண்டும். நாய்க்கு இவ்வசதி பெரும்பாலும் உள்ளங்காலோடு சரி; ஆகவேதான் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. எருமைக்குச் சுரப்பிகள் குறைவு, குட்டையே கதி. இம்மலையில் வாழும் தங்கப் பல்லிக்கோ வேர்வையே கிடையாது. பகலெல்லாம் பாறையிடுக்கில் ஒடுங்கியிருந்து, இரவில்தான் வெளிவருகிறது.

முதுமையில் நம் சுரப்பிகளும் தளர்கின்றன. தாக உணர்வும் மந்தமாகிறது. "பாட்டிக்கு வேர்க்கவே இல்லை, என்ன திடம்!" என்று வியக்கும் பேரன்மாரைக் கண்டிருக்கிறேன். வெயிலில் ஏறும் முதியவருக்கு வேர்க்கவில்லையென்றால் அது வியப்புக்குரியதன்று, நண்பர்களே, அச்சத்துக்குரியது!

விடியற்காலையில் அழைத்துச் செல்லுங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும். நிழல் கண்ட இடமெல்லாம் உட்காரட்டும். பிடிவாதம் பிடித்தால், மேலே போகப் பேருந்தும் இருக்கிறதே!