சாசனம் இல்லாவிட்டால் ஊர் இல்லையா?

"கோயிலை எடுத்துவிட்டால் சங்கரன்கோவிலில் என்ன வரலாறு இருக்கிறது?" என்று கேட்பவர்கள் வழக்கமாக ஐரோப்பாவைக் காட்டுவார்கள். போலந்தின் கிராக்கோவுக்கு 1257-இல் நகர உரிமைச் சாசனம் கிடைத்தது. பிறந்த தேதி உண்டு, மதில் உண்டு. சங்கரன்கோவிலுக்கு என்ன உண்டு?

அளவுகோலே கோணல். இங்கே ஊரை உண்டாக்கியது சாசனமல்ல, சந்தையும் திருவிழாவும். ஆடித்தபசு நாளில் மிளகும் உப்பும் காணிக்கையாகக் கொட்டும் கூட்டத்தை, புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, மீதியைத் தாளில் மடித்து ஊருக்குக் கொண்டுபோகும் கிழவிகளைப் பார்த்தால் போதும். அது பக்திதான், சுற்றுக் கிராமங்களை ஓர் ஊரோடு கட்டிப்போட்ட பொருளாதாரமும் அதுவே.

சரி, கோயிலை விடுவோம். அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் பாளையக்காரர் பூலித்தேவர் 1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானின் படையை எதிர்த்து நின்றார். 1767-இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை வீழ்ந்த பின் அவர் என்ன ஆனார்? சங்கரன்கோவில் கோயிலுக்குள் மறைந்தார் என்கிறது மக்கள் வழக்கு. அதை ஆவணமாகக் கொள்ள முடியாது. ஆனால் பாளையக்காரர் கதை இந்தக் கோயில் மதிலுக்குள் வந்து முடிகிறது என்றால், கோயில் வேறு, அரசியல் வேறு என்று எப்படிப் பிரிப்பது? எட்டாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் கொண்ட கழுகுமலையும் தொலைவில் இல்லை. வரலாறு எங்கே என்று கேட்பவர்கள் அந்தப் பக்கம் போனதாகத் தெரியவில்லை.

அப்புறம் விசைத்தறியும் பூச்சந்தையும் வந்தன. 2019 நவம்பரில் ஊர் திருநெல்வேலியிலிருந்து தென்காசி மாவட்டத்துக்கு மாறியது. தறிச் சத்தம் மட்டும் மாறவில்லை.